இரண்டு ஓட்டங்களும் ஒரு பக்கவாயிலும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், நெருப்பு என்றோ சக்கரம் என்றோ சொல்ல மாட்டேன். ஆல்டர்ஷயர் கவுண்டி கிரிக்கெட் சங்கத்தின் நிர்வாகக் குழு என்பேன். சக்கரம் சில சமயம் யோசிக்காமல் உருண்டுவிடும். எங்கள் குழு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

நான் அந்தக் குழுவுக்கு உதவிச் செயலாளராக இருந்தவன். பெயர் ப்ளம்லி. கூட்டம் நடக்கும்போது மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. தலைவர் நேரடியாகக் கேள்வி கேட்டாலொழிய உதவிச் செயலாளர் வாய் திறக்கக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. பதினொரு வருடத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது. ஜன்னலை மூட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். அந்தப் பதில் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது.

குழுவின் பெருந்தன்மைக்குச் சான்று வேண்டுவோர் வால்ட்டர் கிரிம்ஷாவின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

கிரிம்ஷா ஒரு செருப்புத் தைப்பவரின் மகன். பத்தொன்பது வயதில் எங்களிடம் வந்து, போர் நடந்த ஆறு வருடம் நீங்கலாக, இருபது பருவங்கள் இடது கையால் மெதுவாகப் பந்து வீசினார். பந்து சோம்பேறித்தனமாக வரும். மட்டையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே மட்டையைத் தூக்குவார். பிறகு திரும்பிப் பார்த்தால் பின்னால் குச்சி இருக்காது. மட்டை பிடிப்பதில் மட்டும் அவருக்குச் சாமர்த்தியம் போதாது. பதினோராவது ஆளாக இறங்குவார். பன்னிரண்டாவது இடம் என்று ஒன்று ஆட்டத்தில் கிடையாது என்பதால்தான் பதினொன்று.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கவுண்டித் தொப்பி. நீலத் துணியில் வெள்ளை வாத்து பொறித்த தொப்பி. அதைப் பெற்றவர் ஆல்டர்ஷயரின் நிரந்தர ஆள். பெறாதவர் வாசலில் ஒவ்வொரு செப்டம்பரிலும் தபால்காரர் வேலைநீக்கக் கடிதத்தோடு நிற்கக்கூடும். அவர் மனைவி எடித், கல்யாணமான வருடமே, வாசற்கதவுக்குப் பக்கத்தில் அந்தத் தொப்பிக்கென்று ஒரு ஆணி அடித்து வைத்தாள். ஆணி இருபது வருடமாகக் காத்திருந்தது.

குழு இதை அலட்சியம் செய்ததாக யாரும் நினைக்கக் கூடாது. ஆண்டுதோறும் விவாதித்தது. ஒரு கூட்டத்தில், 'ஆள் இன்னும் இளைஞர், அவசரம் வேண்டாம்' என்று ஒத்திவைத்தது. பின்னொரு கூட்டத்தில், 'இந்த வயதுக்கு மேல் தொப்பி எதற்கு' என்று ஒத்திவைத்தது. இந்த இரண்டு தீர்மானங்களுக்கும் நடுவே ஒரே ஒரு கூட்டம்தான் இருந்தது. அதில் மதிய உணவுக்குக் குளிர்ந்த மாட்டு நாக்கா, பன்றி இறைச்சி வடையா என்று பேசினோம்.

இங்கே எங்கள் வாசல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியில் கனவான்களும் உண்டு, ஆட்டக்காரர்களும் உண்டு. கூலி வாங்காமல் ஆடுபவர் கனவான். கூலிக்கு ஆடுபவர் ஆட்டக்காரர். ஒரே அணி, ஒரே பந்து, ஒரே மழை. வாசல் மட்டும் வேறு. கனவான்கள் பெவிலியன் என்ற மாளிகையின் நடுவே உள்ள ஏழு கல்படிகளில் இறங்கி மைதானத்துக்குப் போவார்கள். ஆட்டக்காரர்கள் கரிக் கொட்டகைக்குப் பக்கத்தில் உள்ள பக்கவாயில் வழியாகப் போவார்கள். இதில் ஏற்றத்தாழ்வு எதுவும் கிடையாது. பக்கவாயில் தரைமட்டமாக இருந்ததால் ஆட்டக்காரர்களுக்குப் படியிறங்கும் சிரமம்கூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, ஆகஸ்ட் கடைசி. பக்கத்துக் கவுண்டியான வெண்ட்ஷயருடன் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. எழுபத்தெட்டு வருடத்தில் நாங்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அன்று காலை குழுத் தலைவர் கர்னல் பிளென்கின்ஸாப் ஆட்டக்காரர்களின் அறைக்கே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார். அதுவே சரித்திரம்.

"கிரிம்ஷா, இன்னிக்கு ஜெயிச்சா உனக்குத் தொப்பி. தைச்சு வாங்கியாச்சு. குழு அறை மேசை மேலதான் இருக்கு" என்றார்.

கிரிம்ஷா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையின்போது பக்கவாயிலைப் பூட்ட வேண்டும் என்பது விதி. வாயிற்காவலர் டாப்ஸ் பூட்டினார். பூட்டிவிட்டு, கன்னம் வீங்கியிருந்ததால் பல் பிடுங்கிக்கொள்ள ஊருக்குள் போனார். ஆல்டர்ஷயர் ஊழியர் என்பதால், போகுமுன் தம் பொறுப்புகளை அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

தேநீருக்குப் பிறகு எங்களுக்கு இன்னும் பத்தொன்பது ஓட்டம் வேண்டும். களத்தில் இருந்த இருவருமே கனவான்கள். அணித் தலைவர் ஃபெதர்ஸ்டன் ஒருவர், பாதிரியார் லாம் இன்னொருவர். இருவரும் நடுப்படி வழியாகத்தான் இறங்கினார்கள். வெண்ட்ஷயர் ஆட்டக்காரர்களுக்கு மைதானத்தின் எதிர்க்கோடியில் ஒரு குடிசை கொடுத்திருந்தோம், அவர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஆகவே பக்கவாயில் பூட்டியே கிடப்பது யார் கண்ணிலும் படவில்லை.

ஜெயிக்க இரண்டே ஓட்டம் என்ற நிலை வந்தது. அப்போது பாதிரியார் லாமின் மட்டையை உரசிப் பந்து பின்னால் போய்க் கீப்பரின் கையில் விழுந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பந்து வீசியவரே அவுட் கேட்கவில்லை. அம்பயர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நான் தொட்டேன்" என்று அறிவித்துவிட்டு நடையைக் கட்டினார். கனவான் என்றால் அவர் கனவான். அவரை நாங்கள் பிறகு மூன்று வருடம் எந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை.

கடைசி ஆள் கிரிம்ஷா. புதிதாக இறங்குபவருக்குச் சட்டம் கொடுப்பது இரண்டு நிமிடம். அவர் காலில் பேடு கட்டிக்கொண்டு பக்கவாயிலுக்கு வந்து தள்ளினார். கதவு அசையவில்லை. பன் விற்கும் மிஸஸ் பெஸ்ஸி பாட்டர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யோசனை சொன்னாள்.

"ஏறிக் குதிச்சிடு வால்ட்டர்."

"முட்டி ஒத்துக்காது பெஸ்ஸி. நாப்பத்தஞ்சு வயசாச்சு."

முட்டி ஒத்துக்கொண்டாலும் ஒழுங்குக் காவலர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உறுப்பினர் பகுதி, உறுப்பினர் சீட்டு இல்லாமல் குதிக்கக் கூடாது என்று அவர் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். எதிர்க்கோடி வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் அந்த முட்டிக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். ஆகவே கிரிம்ஷா பின்தாழ்வாரம் வழியாக வந்து குழு அறைக் கதவைத் தட்டினார்.

"பக்கவாயில் பூட்டியிருக்கு சார். நடுப்படி வழியா இறங்கிக்கட்டுங்களா? ரெண்டு நிமிஷந்தான் இருக்கு" என்றார்.

யாரோ ஒருவர் கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்தது. கர்னல் எழுந்தார். இது ஒரு கொள்கைப் பிரச்சினை என்றும், அவசரக் கூட்டம் இப்போதே தொடங்குகிறது என்றும் அறிவித்தார். முந்தைய கூட்டத்தின் குறிப்புகள் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன.

குழுவின் சட்ட அறிவுக்குக் குத்தகைதாரரான ஓய்வுபெற்ற நீதிபதி பிரௌட்ஃபுட் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னிக்கு இவன விட்டா நாளைக்குப் பால்காரன் வருவான். இப்படி அவசரப்பட்டுத்தான் பிரான்ஸ்ல ராஜா தலை போச்சு" என்றார்.

ஒருவர், கிரிம்ஷாவை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினால் என்ன என்றார். அப்படியானால் படியில் பட்டது கிரிம்ஷாவின் கால் ஆகாது என்பது அவர் வாதம். தூக்கும் நாலு பேர் கனவான்களாக இருக்க வேண்டும், கனவான்கள் எதையும் தூக்குவதில்லை என்று அது நிராகரிக்கப்பட்டது. இன்னொருவர், படிகளின் மேல் கம்பளம் விரித்தால் அவை படிகள் இல்லை என்று வாதிடலாம் என்றார். கம்பளம் சலவைக்குப் போயிருந்தது. கர்னல் எல்லோரையும் பார்த்துக் கேள்விகள் கேட்டார். எண்ணி எழுதினேன், இருபத்திரண்டு. கதவு ஓக் மரமா, எல்ம் மரமா என்றுகூடக் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே அம்பயர் ஜார்ஜ் ஹிப்கின் தம்மால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மறுகாலுக்கும் அதே மரியாதை செய்தார். வீசிய பந்துகளைக் கணக்கு வைக்கப் பாக்கெட்டில் போட்டிருந்த கூழாங்கற்களை எண்ணினார், சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார். இரண்டு நிமிடம் அவர் கையில் ஏழு நிமிடமாக நீண்டது.

"சார், சொல்லிடுங்க. முடியும், முடியாது, ஏதாவது ஒண்ணு" என்றார் கிரிம்ஷா. அவர் கண் மேசை மேல் இருந்த நீலத் தொப்பியில் இருந்தது.

அப்போதுதான் நீதிபதி பிரௌட்ஃபுட்டுக்கு அந்த ஒளி உதித்தது. ஆட்டக்காரர் படியில் இறங்கக் கூடாது. சரி. கனவான் இறங்கலாம். சரி. அப்படியானால் கிரிம்ஷா கனவானாகிவிட வேண்டியதுதானே? கூலிக்கு ஆடும் வேலையிலிருந்து இந்த நொடியே விலகுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அறையே மேசையைத் தட்டியது. காகிதம் வந்தது.

"கையெழுத்துப் போட்டா இறங்கலாங்களா?" என்றார் கிரிம்ஷா.

"போட்டப்புறம் உன்னை யாரு தடுக்கறது?" என்றார் கர்னல்.

கிரிம்ஷா, கையுறையைக் கழற்ற நேரமில்லாமல், அப்படியே பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாகப் போட்டார். மை காயவில்லை. கர்னல் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க மிஸ்டர் கிரிம்ஷா. உட்காருங்க. கனவானான முதல் நாள், ஒரு வாய் ஷெர்ரி குடிக்காம போனா எப்படி?"

இருபது வருட 'நீ', அரை நிமிடத்தில் 'நீங்கள்' ஆனதை நான் கண்ணால் பார்த்தேன். உலகில் வேறெந்தக் குழு இதைச் செய்யும்? கிரிம்ஷா அந்த ஷெர்ரி ஒயினை மருந்துபோல் விழுங்கிவிட்டு ஓடினார்.

ஏழு படிகளிலும் இறங்கினார். உறுப்பினர்கள் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கினார்கள். புல்லில் கால் வைத்தபோது அம்பயர் ஹிப்கின் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வெண்ட்ஷயர் ஆட்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கிரிம்ஷா நிற்கவில்லை, நடுக்களம்வரை நடந்தார்.

அங்கே அவர்கள் பேசியதை ஹிப்கின் பிறகு என்னிடம் சொன்னார்.

"முடிஞ்சு போச்சு வால்ட்டர். என்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்தேன்."

"தெரியும் ஜார்ஜ். எடித் பாத்துட்டிருக்கா. ஒரு தடவ நின்னுட்டு வந்துடறேன்."

குச்சியில்லாத இடத்தில், பந்தில்லாத ஆட்டத்துக்கு, அவர் மட்டையை ஊன்றி நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முக்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் முன்மொழியவில்லை.

ஒரு ஓட்டத்தில் கோப்பை போயிற்று. குழு அன்று மாலையே கூடி, வரலாற்றிலேயே முதன்முறையாகச் செருப்புத் தைப்பவர் வீட்டிலிருந்து ஒரு கனவானை உருவாக்கியதற்காகத் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது. ஜெயித்தால்தான் தொப்பி என்பது வாக்கு, ஜெயிக்கவில்லை, ஆகவே தொப்பி இல்லை. கனவானுக்குக் கூலி கிடையாது, ஆகவே கூலியும் இல்லை. அடுத்த பருவத்தில் கனவான்களுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. அந்த செப்டம்பரில் தபால்காரர் அவர் வீட்டுக்கு வரவே இல்லை. கனவானை வேலையைவிட்டு நீக்க முடியாதல்லவா? எவ்வளவு நாசூக்கு பாருங்கள்.

கைவிடவும் இல்லை. மறுவருடம் டாப்ஸ் ஓய்வு பெற்றதும் பக்கவாயிலின் காவல் வேலையைக் கிரிம்ஷாவுக்கே கொடுத்தோம். சாவி இப்போது இரவில் அவர் வீட்டில், எடித் அடித்த அந்த ஆணியில்தான் தொங்குகிறது. ஆணி வீண்போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாவிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் என் அறைக்கு வந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை ஒரு வரிமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா சார்?"

பார்த்தேன். 'ஆகஸ்ட் 31, தேநீர் நேரம். டாப்ஸிடமிருந்து பக்கவாயில் சாவி ஒன்று பெற்றுக்கொண்டேன். ப்ளம்லி, உதவிச் செயலாளர்.' அழகான கையெழுத்து. எப்படி மறக்கும்? கூட்டம் முழுக்க அந்தச் சாவி என் கோட்டின் இடது பையில் இருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் வலது கையால் குறிப்பெழுதினேன்.

"என்னுடையதுதான், கிரிம்ஷா" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

"யாரும் என்னைக் கேக்கலையே."

அவர் பதிவேட்டை மூடினார். அதட்டவில்லை, அடிக்கவில்லை. "சரிதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய், பக்கவாயிலை விரியத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பக்கவாயில் வேண்டியதில்லை. நான் நடுப்படி வழியாகத்தான் போகிறேன். அந்த அவசரக் கூட்டத்தில் நான் காட்டிய அடக்கத்தைப் பாராட்டிக் குழு என்னைச் செயலாளராக்கியது. மேசைமேல் தைத்த தொப்பி ஒன்று சும்மா கிடந்ததால், அதையும் எனக்கே அணிவித்தது. அது வேறொருவர் தலைக்கு அளவெடுத்துத் தைத்தது. எனக்குக் காதுவரை இறங்கும். அதனால் ஒரு சௌகரியம். பக்கவாயில் பக்கமாகப் போகும்போது யாராவது ஏதாவது கேட்டால், எனக்குக் கேட்பதில்லை.