எழுதலாம், படிக்கக் கூடாது

வாசலில் வந்து நிற்கும் மாமனார் தொண்டையைச் செருமுவாரே, அப்படி ஒரு சத்தம். அனுமதியில்லாத கோப்பைத் திறக்கப் போனால் அந்த அலுவலகத்துப் பழைய கணினி அப்படித்தான் செருமும். நிரலம்மாவின் காதில் அது இன்றும் இருக்கிறது. அங்கே நிரல் எழுதும் தற்காலிக ஊழியர் அவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் மேலதிகாரி வந்திருந்தபோது கணினி செருமிவிட்டது. இயக்குநருக்கு மானம் போயிற்று.

"இனிமே திறக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் எந்தக் கோப்பையும் திறக்கணும். கேக்கறதுக்கு ஒரு நிரல் எழுதுங்கம்மா."

எழுதினார். கோப்பு இருக்கிறதா, படிக்கலாமா, எழுதலாமா என்று பார்த்து அது பதில் சொல்லும். மறுநாளே ஆணை பிறந்தது: தினந்தோறும் சகல கோப்புகளையும் சோதித்து முடிவை அறிவிக்க வேண்டியது.

"அப்ப கோப்பை எப்ப சார் திறக்கறது?"

"திறந்து என்னம்மா பாக்கப் போறீங்க? திறக்கலாம்னுதான் நிரலே சொல்லிடுச்சே!"

செருமல் நின்றது. சிறந்த நிர்வாகத்துக்கான கேடயம் வந்தது. வெளியூர் அதிகாரிகள் வந்து, திறக்காத கோப்புகளைப் பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

மகிழ்ச்சியில் இயக்குநர் நிரலம்மாவைப் பணி நிரந்தரம் செய்தார். அதற்கான ஆணையைத் தானே ஒரு புதுக் கோப்பில் தட்டினார். ரகசியம் காக்க, எழுத மட்டும் அனுமதி வைத்தார். படிக்க யாருக்கும் இல்லை. பிறகு கேடயத்தோடு பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்.

சம்பளப் பிரிவுக்காரர் நிரலை ஓட்டிப் பார்த்தார். "கோப்பு இருக்கும்மா. எழுதலாம். படிக்கத்தான் கூடாது."

"ஒரே வரிதான் சார், அனுமதியை நான் மாத்திடறேன்."

"மாத்தற அதிகாரம் நிரந்தர ஊழியருக்குத்தாம்மா."

"நான் நிரந்தரம்தானே?"

"அதைக் கோப்புல்ல சொல்லணும்!"

"கோப்பைப் படிங்க."

"படிக்கக் கூடாதே!"

வீட்டில் அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்பாள். "வேலை நிரந்தரமாச்சாடி?"

"ஆயிடுச்சும்மா. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம ஆகறதுக்கு அது என்ன திருட்டுக் கல்யாணமா?"

எப்போது கேட்டாலும் "எழுதலாம்" என்று தயங்காமல் சொன்ன கோப்பு அது ஒன்றுதான். ஆகவே பொதுமக்களின் குறைகளையும் அதிலேயே எழுதச் சொல்லி உத்தரவாயிற்று. நீங்கள் அனுப்பிய மனுவும் பத்திரமாக அங்கேதான் இருக்கிறது.

நிரலம்மா தற்காலிக ஊழியராகவே ஓய்வு பெற்றார். பாராட்டுரையை எல்லாரும் அந்தக் கோப்பில் எழுதிவைத்தார்கள்.