பின்னறை மெஷினும் கழன்ற கைப்பிடிகளும்

"இனிமே இந்த வீட்ல என் கையை நம்பி ஒரு வேலையும் இருக்காது!" என்று ஒரு நாள் காலையில் சபதம் போட்டேன்.

"இதுவரைக்கும் இருந்துச்சா?" என்றாள் என் மனைவி. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பின்னறையில் ஒரு பழைய மில்லிங் மெஷின் இருக்கிறது. மேஜை மேல் வைக்கிற சின்ன ரகம். அலுமினியத் துண்டைப் பிடிப்பில் இறுக்கிவிட்டு, கைப்பிடிச் சக்கரங்களைத் திருப்பித் திருப்பித் துளை போட வேண்டும், நீளப் பள்ளமாகக் காடி வெட்ட வேண்டும். அதற்கு மோட்டார்கள் பொருத்தி, ஒரு பழைய கம்ப்யூட்டரையும் இணைத்து, எண்களைக் கொடுத்தால் தானாகவே வெட்டுகிற சி.என்.சி. மெஷினாக மாற்றப் போகிறேன் என்பதுதான் என் சபதம்.

சபதத்துக்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தது. வாலிபம் முழுக்க ஒரே பட்டறையில் கைப்பிடி திருப்பியவன் நான். அங்கே புது சி.என்.சி. மெஷின்கள் வந்து இறங்கின. முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கை திருப்புற வேலை இனிமே இல்லப்பா" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அன்றைக்கு எனக்குப் பிடித்த குழம்பு வைத்தாள். வாய் ஓயாதவள் திட்டாமல் குழம்பு ஊற்றினால் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அன்றிலிருந்து நான் பின்னறைவாசி ஆனேன். அந்த அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். டியூப் லைட் எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதே பட்டறையில் ஸ்டோர் கீப்பர். எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவு திறக்கிறவர். காலையில் அவர் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய் மெஷின் முன்னால் உட்காருவேன். வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா கைப்பிடியைத் திருப்புவேன். மெஷினின் மேஜை இந்தக் கோடிக்குப் போகும், அந்தக் கோடிக்கு வரும். பொழுதும் அப்படியே போய்விடும்.

ஒரு நாள் பட்டறை ஃபோர்மேன் வீட்டுக்கு வந்தார். மயிரிழை பிசகினாலும் வெட்டின துண்டைக் குப்பையில் வீசுகிறவர் என்பதால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் என்பதே அவருக்குப் பட்டப்பெயர்.

"காலை ஷிப்ட்டுக்கு ஆள் வேணும்யா" என்றார். "பொத்தான் அமுக்கப் பசங்க இருக்காங்க. சத்தத்தைக் கேட்டே வெட்டுற கட்டர் மழுங்கிடுச்சுன்னு சொல்ற காது ஒருத்தனுக்கும் இல்ல. நீ சி.என்.சி. பழகிக்கிட்டு வந்துடு."

ஒரு வரைபடத்தையும் கொடுத்தார். நடுவில் பெரிய துளை, அதைச் சுற்றி வளையமாகச் சின்னத் துளைகள். என் வீட்டு மெஷினை சி.என்.சி.யாக மாற்றி, அதில் எண் போட்டு இதை வெட்டிக் காட்டினால் போதும், முதலாளியிடம் அவர் பேசிக்கொள்வார்.

சந்தோஷத்தில் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே என் பட்டறைச் சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, பின்னறைக் கதவில் ஆணியடித்து மாட்டினாள். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சட்டை கையை ஆட்டியது.

மறுநாள் காலையில்தான் நான் அந்தச் சபதம் போட்டேன். மெஷினை மாற்றுகிற வேலை ஆரம்பமானது. அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள், வயரைப் பிடிப்பாள். நான் பாடம் எடுப்பேன். வேலை போன மனிதனுக்குப் பாடம் எடுக்க ஒரு ஆள் கிடைத்தால் சும்மா விடுவானா?

"இது எக்ஸ். இடம், வலம். இது ஒய். முன்னே, பின்னே. இது இசட். மேலே, கீழே."

"சரிங்க."

"முதல்ல கட்டரை இந்த மூலையில கொண்டு வந்து நிறுத்தணும். அதான் ஜீரோ."

"ஜீரோ. சரி" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, மூலையைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். இதுக்கெல்லாம் மனுஷனே வேணாம். ஒரு விரல் போதும். யார் வேணும்னாலும் அமுக்கலாம்."

"யார் வேணும்னாலுமா?"

"யார் வேணும்னாலும்!"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒருவழியாக மெஷின் தயாரானது. வரைபடத்தின் அளவுகளையும் கம்ப்யூட்டரில் எண்களாகப் போட்டு வைத்தேன். ஒரு பக்கம் மோட்டார்கள். இன்னொரு பக்கம் பழைய கைப்பிடிகள். மோட்டார் வைத்த பிறகு கைப்பிடி எதற்கு, கழற்றிவிட வேண்டியதுதான். எனக்கு மனசு வரவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் முனகியது. கைப்பிடிகள் தாமாகவே சுற்றின. என் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணப் பயமல்ல. இந்தத் துண்டு சரியாக வந்தால் நான் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே நான் அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த பயல்கள் சுற்றி நின்று, நான் பொத்தான் தேடுகிற அழகைப் பார்ப்பார்கள். இரண்டாவது தடவையும் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டால்? அப்புறம் ஒளிந்துகொள்ள இந்தப் பின்னறையும் போதாது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன்.

மெஷின் பாதி வேலையில் இருக்கும்போது நிறுத்துவேன். மோட்டார் சுவிட்சை அணைப்பேன். கைப்பிடியை லேசாக ஒரு திருப்புத் திருப்பிவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போடுவேன். மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு மிச்ச வேலையைப் பார்க்கும். அதைக் குறை சொல்லக்கூடாது, நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் துளைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

இதைச் செய்யும்போது அவள் பக்கத்தில் இருக்கக் கூடாதல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தேன்.

"ஏம்மா, சூடா ஒரு டீ போடேன்."

அவள் டீயோடு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

"ஐயோ, மறுபடியும் பிசகிடுச்சே!" என்று தலையில் கை வைப்பேன்.

"ஏங்க இப்படி ஆகுது?"

"பழைய மெஷின். புது மோட்டார். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக நாளாகும்."

"நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?" என்பாள். நான் குனிந்து ஸ்பேனரைத் தேடுவேன்.

பிசகின துண்டுகள் மூலையில் குவிந்தன. என் மனைவியின் முகமும் நாளுக்கு நாள் வாடியது. அதைப் பார்க்கும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனாலும் கதவில் தொங்குகிற சட்டையைப் பார்த்தால் பயம்தான் ஜெயித்தது. மைக்ரான் போன் போட்டார். இந்த வாரத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். நான் சோகமாக, "என் தலையெழுத்துண்ணே" என்றேன். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அந்த வேலை தானாகக் கைநழுவிவிடும். அப்புறம் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு நிம்மதியாக அழலாம்.

மறுநாள் காலையில் என் மனைவி என் தாடியைப் பார்த்தாள்.

"போய் முகத்தைச் சீர் பண்ணிட்டு வாங்க. வாசல்ல யாரோ பிச்சைக்காரன்னு அடுத்த வீட்டுக்காரம்மா சில்லறை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க."

சலூனில் கூட்டம். அங்கேயும் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் வாசல் பக்கமே நின்றுகொண்டேன். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

சமையலறை மேஜை மேல் ஓர் அலுமினியத் துண்டு பளபளவென்று கிடந்தது. நடுவில் பெரிய துளை. சுற்றிலும் சின்னத் துளைகள். அளவு பார்க்கிற ஊசியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"யார் வெட்டினது?"

"ஒரு விரல்" என்றாள்.

பின்னறைக்கு ஓடினேன். மெஷினில் கைப்பிடிகள் இல்லை. அவை இருந்த இடத்தில் மொட்டைத் தண்டுகள்தான் இருந்தன.

"கைப்பிடி எங்கே?"

"கழட்டி வெச்சிருக்கேன். அது இருந்தா உங்க கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"நான்... வந்து..."

"மெஷின் பாதியில இருக்கப்ப உங்களுக்கு டீ வேணும். டீ வந்ததும் துளை பிசகிடும். டீ மட்டும் அப்படியே ஆறிக் கெடக்கும். குடிக்காத டீயை எத்தனை தடவைதான் கொட்டுறது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

"ரெண்டு வெட்டினேன்" என்றாள். "ஒண்ணை மத்தியானமே கொண்டுபோய் மைக்ரான் அண்ணன்கிட்ட காட்டிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஊசி விட்டுப் பாத்தார். ரெண்டு தடவை பாத்தார். நாளைக்குக் காலையில வந்து சேரச் சொல்லிட்டார்."

"யாரை?"

"வெட்டினவங்களைத்தான்."

"உன்னையா! கட்டர் மழுங்கினா உனக்குத் தெரியுமா? சத்தத்துலயே கண்டுபிடிக்கணும்!"

"இத்தனை வருஷமா உங்க முனகலைக் கேட்டே காய்ச்சலா, கோபமா, பொய்யான்னு கண்டுபிடிக்கிறேன். மெஷின் என்ன பிரமாதம்?"

நான்தான் அந்த வேலை வேண்டாம் என்று நாடகமாடினேன். ஆனால் அது இன்னொருவர் கைக்குப் போகிறது, அதுவும் நான் பாடம் எடுத்த ஆளுக்கே போகிறது என்றதும் உள்ளே என்னவோ பற்றிக்கொண்டது. பயம் இருந்த இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் கண்ணைத் திறந்தால், அவள் தலை வாரிப் பையை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். பின்னறைக் கதவில் தொங்கிய என் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என் சட்டை!"

"முந்தானை மெஷின்ல மாட்டிக்குமாம். மேல சட்டை போட்டுக்கிட்டு வரணுமாம்."

அலமாரியைப் பார்த்தேன். என் சாப்பாட்டு டப்பாவைக் காணோம். என் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு, என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் வேலைக்குப் போகிறாள்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"கழட்டு! அந்த வேலைக்கு வேற யாரும் போகக் கூடாது! அது என்னோடது!"

"முடியுமா உங்களால?"

"முடியுமாவா! நீ பொறக்கறதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்துவிட்டு, கணக்குத் தப்பு என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். தெருவில் நடந்துகொண்டே போட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து "பாத்துப் போங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவள் ஏன் சண்டை போடவில்லை என்று யோசிக்கக்கூட எனக்கு நிதானம் இல்லை.

பட்டறை வாசலில் மைக்ரான் நின்றார். மூச்சு வாங்கக் கத்தினேன்.

"அண்ணே! அவ வெட்டியிருக்கலாம்! ஆனா மெஷினை மாத்தினது நான்! எண் போட்டது நான்! அவளை எப்படி நீங்க வேலைக்குக் கூப்பிடலாம்?"

மைக்ரான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சியை யாருய்யா கூப்பிட்டது?" என்றார். "கேட்ல நின்னு கத்தாம உள்ள போ. உன் சாப்பாட்டு டப்பா அப்பவே ஸ்டோர் கீப்பர் ஸ்கூட்டர்ல வந்துடுச்சு."