என் கடையில் மூன்று மடங்கு வியாபாரம் நடந்ததாமே

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு வயிற்றெரிச்சல், மற்றபடி சுகம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் பொருளாதார அறிக்கை பேப்பரில் வந்ததைப் பார்த்தேன். உலகக் கோப்பைப் போட்டியால் மைதானத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வியாபாரம் மூன்று மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கடை என்னுடையது. எனக்கே தெரியாமல் அது எப்படி நடந்தது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போட்டி நடந்த மாதம் முழுக்கத் தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு. என் கடையில் மூக்குக் கண்ணாடி வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது, மீதிப் பேருக்குக் கண் தெரியாது, அவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்தா வருவார்கள்? வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்கு வந்த கூட்டமோ முகத்தில் சாயம் பூசிக்கொண்டு உள்ளே வந்து, "சார், இங்க பாத்ரூம் இருக்கா?" என்று மட்டும் கேட்டது. அவசரத்தில் நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாய் உடைந்தது, பிளம்பர் வந்தார். நம் அணி தோற்ற அன்றைக்கு எவனோ ஷோகேஸையும் உடைத்துவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து, கடை கடையாகக் கணக்கெடுக்க நீங்கள் அனுப்பிய பெண் வந்தாள். "அங்கிள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடைக்குள்ள வந்தாங்க?" "நூறு பேருக்குக் குறையாதும்மா." எதுக்கு வந்தாங்கன்னு அவ கேக்கவே இல்ல. ஒரு கண்ணாடி என்ன விலைன்னு கேட்டா, சொன்னேன், ரெண்டையும் பெருக்கிட்டா. பிளம்பர் கூலி வேலைவாய்ப்பாம், உடைஞ்ச ஷோகேஸ் முதலீடாம். ஏன் மாப்பிள்ளை, ஒண்ணுக்குப் போக வந்தவனுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்பிட்டீங்களே, தடுப்பைப் பாத்துட்டுத் திரும்பிப் போன என் வாடிக்கையை எங்கேயாவது கழிச்சீங்களா? உங்க காலேஜ்ல கழித்தல் பாடம் நடத்தின அன்னைக்கு நீங்க லீவா?

தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் கட்டட ஓனர் அதே பேப்பரோடு வந்து நின்றார். "வாடகையும் இனிமே மூணு மடங்கு. முடியலன்னா காலி பண்ணிடுங்க."

"யோவ், அது பாத்ரூமுக்கு வந்த கூட்டம்யா."

"உங்களைவிட உங்க மருமகனுக்குத் தெரியும்."

இந்த வயதில் கடையை விட்டுவிட்டு நான் எங்கே போய் உட்காருவது? நிஜமாகவே பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆகவே, உங்கள் கணக்கு தப்பு என்று அதே பேப்பரில் அதே கொட்டை எழுத்தில் உடனே மறுப்புப் போட வேண்டியது. போடாவிட்டால் இந்த வீட்டுப் பக்கம் மகளை மட்டும் அனுப்பினால் போதும்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சராசரி போட்டு எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது செருப்பு வியாபாரி ஒருவர் உங்கள் அறிக்கையும் கையுமாக வாசலில் நின்றார். அந்த வாடகைக்கும் ஒத்துக்கொண்டு, நான் கேட்க நினைத்ததற்கு மேலேயே எனக்கும் பணம் கொடுத்துக் கடையை எடுத்துக்கொள்கிறாராம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஆகையால் மறுப்பு கிறுப்பு ஒன்றும் வேண்டாம். அவர் உங்களுக்குப் போன் செய்வார். வெளியே வரிசையில் நின்றவர்களை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.