நவுலா கிராமம் தலைமைப் பண்பு அடைந்த கதை

ஒரு விடுகதை போடுகிறேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தால் அது உயரமாக இருக்கும். ஒரே ஒரு குழந்தை எழுந்து நின்றால் போதும், குட்டையாகிவிடும். அது என்ன?

நாற்காலி என்று சொல்லாதீர்கள். நாற்காலிக்கு அவ்வளவு ரோஷம் கிடையாது. யோசித்துக்கொண்டே வாருங்கள், வழியில் எங்காவது விடை அகப்படும்.

தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், நாளைய தலைவர்களை இன்றே உருவாக்கும் இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஆற்றோரக் கிராமங்களின் பிள்ளைகளிடம் தலைமைப் பண்பு மிகவும் குறைவு என்பதை அந்த அலுவலகம் ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்தது. ஆராய்ச்சி என்றால், கடல் கடந்த நாடொன்றில் அச்சான கையேட்டை முன்னுரைவரை படித்தார்கள். உடனே ஓர் அறிவிப்பு வந்தது. எந்தக் கிராமத்தில் ஒரு குழந்தைத் தலைவராவது கண்டெடுக்கப்படுகிறாரோ, அந்தக் கிராமத்துக்குப் பள்ளிப் படகும் அதற்கொரு எஞ்சினும் வழங்கப்படும்.

நவுலாவின் ஊர் நிர்வாகி இனோகேவுக்குத் தலைவர் வேண்டாம். அவருக்குப் படகு வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் மூங்கில் தெப்பத்தில்தான் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போனார்கள். கழி ஊன்றித் தெப்பத்தைத் தள்ளுகிறவள் அவருடைய மகள் கெலேரா. பன்னிரண்டு வயது. போன மழைக்காலத்தில் தெப்பம் கவிழ்ந்தது. பிள்ளைகள் நீந்தி வந்துவிட்டார்கள், புத்தகப் பைகள் கடலுக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து, காலையில் தெப்பம் அக்கரை சேரும்வரை இனோகே தேநீரை வாயில் வைப்பதில்லை.

தலைவர் தேடும் படலம் ஒரு பள்ளி நாளில் வைக்கப்பட்டது. பிள்ளைகள் முன்னேற வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று கையேடு கருதியது.

"அப்பா, மதியம் கணக்குப் பரீட்சை இருக்கு" என்றாள் கெலேரா.

"சீக்கிரம் முடிஞ்சிடும்மா. எழுந்து நிக்கணும், ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான்."

சுவாவிலிருந்து வந்த அதிகாரி அபிசாய், இனோகேவுக்கு மச்சான் முறை. ஆகவே ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளத்தான் உரிமை கிடையாது. ஊர்க் கூடத்தில் பாய்கள் விரித்திருந்தார்கள். அபிசாய் தலை குனிந்து ஊர்த் தலைவர் ரத்து பெனாயாவின் முன்னால் கவா என்னும் பானச் செடியின் வேர்க்கட்டைக் காணிக்கையாக வைத்தார். கை தட்டினார்கள், வேரை இடித்து நீரில் கரைத்தார்கள், சிரட்டையில் பெரியவர்கள் எல்லோரும் குடித்தார்கள். அதன்பின் அபிசாய் சம்மணமிட்டபடியே கையேட்டைத் திறந்து மெல்லிய குரலில் வாசித்தார்.

"தலைமைப் பண்பின் முதல் படி. குழந்தை பெரியவர்களின் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டாம் படி, அவர்கள் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும். மூன்றாம் படி, 'நான் ஒரு தலைவர்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகளே, எழுந்து நில்லுங்கள்!"

பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள். கெலேராவின் நெற்றி ஏறக்குறைய பாயைத் தொட்டது.

"மச்சான், உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கால் இல்லையா?" என்று கிசுகிசுத்தார் அபிசாய்.

"கால் இருக்கு, மரியாதையும் இருக்கு. உங்க ஊர்ல ரெண்டுல ஒண்ணுதான் கொடுப்பாங்க போல. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேல எழுந்து நிக்கறதாவது! எங்க, நீ நின்னு காட்டு."

"நானா? எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா சுவாவிலேர்ந்து நீந்தி வந்து அடிப்பா."

"உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க, நீயே நிக்கமாட்டேங்கறே."

"நான் தலைவர் இல்ல மச்சான், அதிகாரி. தலைவர்தான் நிக்கணும்னு விதி."

இருவரும் யோசித்தார்கள். குழந்தை பெரியவரைவிட உயரக் கூடாது, ஆனால் குழந்தை நிற்க வேண்டும். அப்படியானால் பெரியவரை உயர்த்திவிட்டால் போகிறது! இவ்வளவு எளிய உண்மை கையேட்டில் இல்லாதது இருவருக்கும் வியப்பாக இருந்தது.

ரத்து பெனாயாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கெலேரா தென்னங்கன்று போல வளர்ந்தவள், நாற்காலி போதவில்லை. நாற்காலியை மேசைமேல் ஏற்றினார்கள்.

"நான் என்ன தேங்காயா?" என்று கேட்டார் ரத்து பெனாயா. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்தத் தெப்பத்தில்தான் போகிறார்கள். ஏறி உட்கார்ந்தார்.

விடுகதையின் விடை இந்நேரம் அகப்பட்டிருக்கும். பெரிய மனிதர்.

அடுத்த சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. மற்றப் பெரியவர்களும் பெரியவர்கள்தானே? அவர்கள் பிள்ளைகளைவிட உயரத்திலும் ஊர்த் தலைவரைவிடத் தாழ்விலும் இருந்தாக வேண்டும். அவர்களுக்குத் தேவாலயத்திலிருந்து பெஞ்சுகள் வந்தன. போதகர் தமது பெஞ்சு, சபையில் ஊர்த் தலைவருக்காகப் பேசுகிற பேச்சாளருடைய பெஞ்சைவிடக் கொஞ்சம் குட்டையாக இருப்பதைக் கவனித்தார். கடவுளின் பொருட்டுத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, அடியில் ஒரு பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டார். பேச்சாளர் ஊரின் பொருட்டு இரண்டு வைத்தார். இப்படியே பெஞ்சுகள் உயர, மேசை உயர, கடைசியில் ரத்து பெனாயாவின் தலை உத்திரத்தில் இடித்தது.

"வெளியே போகலாம்" என்றார் அபிசாய். "கூடத்தின் கூரை இருக்கிறதே."

கூரைக்கு ஏற ஏணி இல்லை. இனோகே ஆற்றங்கரைக்கு ஆள் அனுப்பினார். நீள மூங்கில்களும் குறுக்குக் கட்டைகளுமாகக் கட்டிய பள்ளித் தெப்பத்தைத் தூக்கி வந்து கூரையில் சாய்த்தார்கள். அருமையான ஏணி.

"அப்பா, தெப்பம்..." என்றாள் கெலேரா.

"இன்னும் கொஞ்ச நேரம்மா. இனிமே உனக்குத் தெப்பமே வேண்டாம்!"

ரத்து பெனாயா முதலில் ஏறிக் கூரையின் உச்சியில் அமர்ந்தார். பேச்சாளர் ஏறினார், போதகர் ஏறினார், பிறகு ஆண்களும் பெண்களும் ஏறினார்கள். இனோகேவின் மனைவி லோசானா பாதி ஏறியதும் நின்றாள். "கீழே மரவள்ளியும் தேங்காய்ப்பால் மீனும் அப்படியே கிடக்கு. நாம எல்லாரும் கோழி மாதிரி மேல உட்கார்ந்திருக்கோம்."

"ஏறு, ஏறு. முன்னேற்றம்னா அப்படித்தான்" என்றார் அபிசாய்.

பிள்ளைகள் மட்டும் கீழே இருந்தார்கள். மெதுவாக, ஒவ்வொருவராக, எழுந்து நின்றார்கள். யாருடைய மரியாதையும் குறையவில்லை. அபிசாய் போட்டோ எடுக்கப் பார்த்தார். கீழிருந்து எடுத்தால் பெரியவர்களின் பாதங்கள் மட்டுமே விழுந்தன. பெரியவர்களும் குழந்தையும் சேர்ந்து தெரிய வேண்டுமென்பது விதி. ஆகவே அவரும் கேமராவோடு கூரைக்கு ஏறினார். ஊர் நிர்வாகி இல்லாமல் போட்டோ செல்லாது என்பதால் கடைசியாக இனோகேவும் ஏறினார்.

"பாப்பா, சொல்லு!" என்றார் அபிசாய்.

கெலேரா தலையை நிமிர்த்தினாள். எல்லோரும் மேலே இருந்ததால் கண்ணைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. "நான் ஒரு தலைவர்" என்றாள்.

கூரை கைதட்டியது. இனோகேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, படகு எப்ப வரும்?" என்று கேட்டாள் கெலேரா.

"அறிக்கை மேலே போகும்" என்றார் அபிசாய். "குழு கூடும். குழு இன்னொரு குழுவைக் கேட்கும். நிதியாண்டு முடியும். எப்படியும் உன் கல்யாணத்துக்குள்ள வந்துடும்."

கூரையில் இருந்த எல்லோரும் அபிசாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான்" என்றார் இனோகே. "இதை நீ கீழே இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கலையே. இப்ப நாலாம் படி. 'தலைவர் தாமாகவே ஒரு நல்ல முடிவை எடுக்க வேண்டும். பெரியவர்கள் எவ்விதத்திலும் குறுக்கிடக் கூடாது.' கெலேரா, முடிவெடு!"

கெலேரா வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அவர்கள் மூங்கிலின் இருபுறமும் போய் நின்றார்கள்.

"ஏய், ஏய்! அது ஏணி!" என்று அலறினார் அபிசாய்.

"ஏணி இல்லை மாமா, தெப்பம்" என்றாள் கெலேரா. குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"ஐயா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று உச்சியைப் பார்த்துக் கெஞ்சினார் அபிசாய்.

ரத்து பெனாயா சற்று யோசித்தார். "புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"பெரியவங்க குறுக்கிடக் கூடாதுன்னு..."

"அப்ப சும்மா இரு."

பிள்ளைகள் தெப்பத்தை இறக்கி ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தகரக் கூரை சூடேறத் தொடங்கியிருந்தது. அபிசாய் கையேட்டைப் புரட்டினார். கீழே இறங்குவதற்குப் படி எதுவும் அதில் சொல்லப்படவில்லை. இனோகே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தெப்பம் அக்கரை சேர்ந்த பிறகு, தேநீர் வேண்டும் என்று பழக்கத்தில் கேட்டார்.

"கீழே இருக்கு" என்றாள் லோசானா.

அறிக்கை பின்னர் சுவாவுக்குப் போனது. நவுலாவில் கண்டெடுக்கப்பட்ட தலைவர், ஒருவர். அவர் எடுத்த முடிவு என்ற இடத்தில் அபிசாய் உள்ளதை உள்ளபடி எழுதினார்: கெலேரா பரீட்சைக்குப் போனாள். மரவள்ளியையும் மீனையும் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தெப்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.