பவுடர் பூசாத வெள்ளை

"இனி இந்த வீட்டில் பவுடர் பூசிய வெளிச்சம் எரியாது!"

நான் சபதம் செய்தபோது மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். தலை நிமிரவில்லை.

கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பு உண்மையில் நீல விளக்கு. அதன்மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் பொடியைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பொடியே கிடையாது. சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.களைக் கலந்தே வெள்ளை எடுக்கிறோம். அங்கே என் பேச்சு எடுபடுவதில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, வீட்டிலாவது ஒருமுறை ஜெயிக்க வேண்டாமா? நானே ஒரு விளக்கு செய்து கூடத்தில் மாட்டினேன்.

"பவுடர் பூசினா ஏமாத்துறதா?"

"பச்சை மோசடி!"

"நான் தினமும் பூசுறேனே?"

"அது... உனக்குப் பொருந்தாது."

"எது, பவுடரா?"

விளக்கைப் போட்டுப் பேச்சை மாற்றினேன்.

"ஊசிக்கு மூணு நிழல் விழுது. ஒவ்வொண்ணும் ஒரு கலர்" என்றாள். "துணி நிறமும் சரியாத் தெரியல. கழட்டுங்க."

"உயிரே போனாலும் கழட்ட மாட்டேன்!"

"சரி. அப்போ உங்க புதுச் சட்டைக்குக் காலர் துணியை இந்த வெளிச்சத்துல நீங்களே எடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் 'சரி' சொன்னதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். துணிக்குவியலில் புகுந்து ஒன்றை உருவிச் சட்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்தேன்.

"ரெண்டும் ஒரே நிறமா?"

"அச்சு அசல்!"

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"விஞ்ஞானி சொல்றேன், தை!"

தைத்தாள். மறுநாள் விடிவதற்கு முன் அதே விளக்கடியில் சட்டையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினேன். ஆய்வுக்கூட வாசலில் வெயில் பட்டது. சட்டை காப்பி நிறம். காலர் செங்கல் நிறம்.

"காலர் இரவலா?" என்றார் மேலாளர். மொத்த ஆய்வுக்கூடமும் சிரித்தது.

நான் அசரவில்லை. "குற்றம் என் விளக்கில் இல்லை சார், சூரியனில்!" என்று முழங்கினேன். சிரிப்பு இரட்டிப்பானது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன்: "யார் சிரிச்சாலும் விளக்கு அங்கேயேதான் இருக்கும்!"

"இருக்கட்டுங்க. யார் வேண்டாம்னா?" குரலில் தேன். "நீங்க எடுத்த துணி நிறைய மிச்சம். உங்க சட்டை எல்லாத்துக்கும் அதே காலரை மாத்தித் தரேன். ரெண்டு முடிஞ்சுது."

விளக்கைக் கழட்ட விஞ்ஞானி ஸ்டூலைத் தேடினான். அது ஆடாமல் அவள்தான் பிடித்துக்கொண்டாள்.