பதினோரு அத்தியாயமாக நனையாத கதாநாயகி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். என் மூக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை, காரணம் கீழே வருகிறது. உன் பதிப்பகமும் அதில் வேலை செய்கிறவர்களும் என் நாவலைத் தவிர வேறு கவலை இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. "அத்தான், கதாநாயகி போலீஸ் டைவர்னு சொன்னீங்க. பதினோரு அத்தியாயம் படிச்சாச்சு, அந்தப் பொண்ணு இன்னும் காலைக்கூட நனைக்கல. இப்படியே போனா கொலைகாரனுக்கு வயசாகி, தானா செத்துப்போயிடுவான்" என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கோபம்தான். துப்புத் துலங்காத மூன்று பழைய கொலைகள், மூன்றுக்கும் தடயம் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரிக் குளத்தின் அடியில், அதை எடுத்துவர ஒரே ஒருத்தி; இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே கரையில் தயாராக நிற்கிறது. அதற்குமேல்தான் எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இறக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன், மழை வந்துவிட்டது. ஐந்தில் அவளுக்கு ஜலதோஷம். ஏழில் இன்ஸ்பெக்டர் காற்று சிலிண்டரை ஜீப்பில் ஏற்ற மறந்தார். ஒன்பதில் மறுபடியும் ஜலதோஷம், எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. பதினொன்றில் அவள் உடையின் ஜிப் மாட்டிக்கொண்டு, அதைச் சரிசெய்யவே அத்தியாயம் முழுக்கப் போய்விட்டது. ஜிப் வர்ணனை நன்றாக வந்திருப்பதாக உன் அக்காவே சொன்னாள்.

காரணம் உனக்குத் தெரியாததல்ல. உன் மருமகள், நான் பெற்ற ஒரே பெண், போலீஸில் சேர்ந்ததையே ஜீரணிக்க முடியாமல் நான் இருந்தபோது, டைவர் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். நானோ இன்சூரன்ஸ் ஆபீஸில், 'தண்ணீருக்கடியில் வேலை' என்று எழுதியிருந்த விண்ணப்பங்களைத் திருப்பியனுப்பியே ரிடையர் ஆனவன். அன்றிலிருந்து எங்கே இறங்கினாய் என்று நான் கேட்பதுமில்லை, அவள் சொல்வதுமில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டால் சொல்லிவிடுவாளே என்று எனக்குப் பயமாக இருக்கிறதப்பா. அவளோடு பேச முடியாததை நாவலிலாவது பேசிப் பார்க்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதுவும் கரையிலேயே நிற்கிறது.

ஆகவே உன் கடிதம் வந்த மறுநாள், தண்ணீருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே பார்த்துவிடத் துணிந்தேன். எங்கள் அடுக்குமாடியின் தரைத்தொட்டியைக் கழுவுவதற்காக அன்று பாதி காலி செய்து திறந்து போட்டிருந்தார்கள். உன் அக்காவின் காய் நறுக்கும் கத்தியைக் கொலை ஆயுதமாக உள்ளே போட்டேன். கலங்கிய குளத்தில் டைவருக்குக் கண் தெரியாது, கையால் தடவித்தான் தேடுவார்கள் என்று படித்திருந்ததால், நீச்சல் கண்ணாடியின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டேன். இடுப்பில் துணி காயப்போடும் கயிறு, மறுமுனை உன் அக்கா கையில். ஒருமுறை இழுத்தால் நலம், இருமுறை இழுத்தால் தூக்கு. "தூக்கறதுக்கு நான் என்ன கிரேனா?" என்று கேட்டாலும் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கி, குந்தி, முங்கி, மூக்கு வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, திக்குத் தெரியாமல் தவித்த நேரம் பார்த்து அவளுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து, கயிற்றைக் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டிவிட்டு மாடிக்குப் போயிருக்கிறாள். இருமுறை இழுத்தேன். நாற்காலி வந்து தலையில் விழுந்தது. பாலைக் காப்பாற்றிவிட்டு வந்தவள் "நாற்காலிய விட்டுட்டு கையக் குடுங்க" என்கிறாள், விட்டால் மூழ்கிவிடுவேன் என்று நான் விடமாட்டேன் என்கிறேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மூன்றாம் மாடிக்காரர், மிதக்கிற செருப்பையும் நாற்காலியையும் பார்த்து, தொட்டிக்குள் முக்கால்வாசிப் பிணம் ஒன்று கிடப்பதாகப் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். தண்ணீர் விவகாரம் என்றால் போலீஸ் யாரை அனுப்பும்?

முழு டைவர் உடையில் வந்து தொட்டி வாயில் நின்று சொன்னாள்: "அப்பா, எழுந்து நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான்.

மொத்தக் குடித்தனமும் கூடியிருந்தது. என் மானம் போன விவரம் வேண்டாம். திட்டுவாள் என்று பார்த்தால், இறங்கி என் பக்கத்தில் வந்து, "என்ன தேடுறீங்க?" என்றாள்.

"கத்தி."

"யாரோடது?"

"உங்கம்மாவோடது. கதைக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூச்சப் பிடிச்சுக்கிட்டு என்னோட வாங்க" என்றாள். என் உள்ளங்கையைத் தொட்டித் தரையில் விரித்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, அரைவட்டமாக நகர்த்தினாள். கத்தியின் பிடி விரலில் தட்டுப்பட்டது. அவள் கை என் கைமேல் இருந்தவரை எனக்குப் பயமே வரவில்லை.

விளிம்பில் உட்கார்ந்து தலை துவட்டும்போது முதல்முறையாகக் கேட்டேன். "பயமா இருக்காதா?"

"இருக்கும்ப்பா. ஆனா எங்களுக்குக் கயிறு பிடிக்கிறவரு நடுவுல பால் பாக்கப் போகமாட்டாரு." என் நீச்சல் கண்ணாடியின் டேப்பை உரித்துக்கொண்டே சொன்னாள். "போன மாசம் ஒரு பழைய கேஸ். பையனக் கொன்னு வண்டியோட ஏரியில தள்ளியிருக்காங்க. அவன் வந்துடுவான்னு அவங்கம்மா இத்தனை வருஷமா ராத்திரி கதவத் தாழ் போடாமத்தான் தூங்கியிருக்காங்க. வண்டிய நான்தான் மேல கொண்டுவந்தேன். அந்தம்மா அதத் தடவிப் பாத்துட்டு, 'இனி கதவச் சாத்திக்கிறேன்'னாங்கப்பா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது, நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இருந்தும் பெற்ற மனம் கேட்கவில்லை. ஆகவே என் இறுதி முடிவு: பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகிக்கு டிராபிக் பிரிவுக்கு மாற்றல். குளத்தை மோட்டார் வைத்து இறைத்துவிடுவார்கள். எலும்பும் தடயமும் வெயிலில் காய்ந்து கிடக்கும், வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம். சம்மதமில்லை என்றால் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பு, வருத்தப்படமாட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்காதே.

என்றும் அன்புள்ள,
அத்தான்

பி.கு.: முடிவு என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "குளத்த இறைச்சுட்டா அப்புறம் நம்ம பொண்ணு எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. முதல் வரியிலேயே இறங்கிவிட்டாள், கொட்டுகிற மழையில், ஜலதோஷத்தோடு. எழுதி முடித்த கையோடு மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, தண்ணீருக்குள் இருந்திருப்பாள். எடுக்கும்வரை விடாமல் அடிப்பதுதான் என் வழக்கம். இன்று போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் அவளே பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "என்னப்பா, ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கீங்க. உடம்புக்கு என்ன?"