பொறியாளர் பிடி விதிமுறைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூருக்கும் குளத்தூருக்கும் நடுவே இருக்கும் சின்னக்கானூரில் இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் இயங்கிவருவதை உலகம் இன்னும் முறைப்படி அறிந்துகொள்ளவில்லை. உரக்கடை மாடியில் இருப்பது வெள்ளாறு டெக் சொல்யூஷன்ஸ். எதிர்ச்சாரியில் ஜவுளிக்கடை மாடியில் இருப்பது நூர் கிளவுட் சிஸ்டம்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு டீக்கடையும் ஒரு வேகத்தடையும் இருக்கின்றன.

வெள்ளாறு டெக்கின் முதலாளி ரெங்கசாமி, முன்பு போர்வெல் லாரி ஓட்டியவர். நூர் கிளவுடின் முதலாளி ஹாஜா முகைதீன், ஷார்ஜாவில் பதினாறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நவீன நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இருவரும் ஒரே காணொளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதால், இரண்டு அலுவலகங்களிலும் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள் இருந்தன. சுவரில் ‘நாம் ஒரு குடும்பம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்பதால் ரெங்கசாமி தம் ஊழியர்களின் அசல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கித் தம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

இரண்டு இடத்திலும் சேர்த்து முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் வேலை தெரிந்தவர் ஒருவர். அவர் பெயர் கலைமதி. வெள்ளாறு டெக்கில் இருந்தார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் மாறி வருகிற பெண். மற்றவர்கள் எல்லாம் கூட்டம் நடத்தினார்கள், விளக்கப்படம் போட்டார்கள், செயற்கை நுண்ணறிவு பற்றிக் கவலைப்பட்டார்கள். மென்பொருளைக் கலைமதி எழுதினார்.

கலைமதிக்கு இருந்த ஒரே குறை, ஆறு மணிக்குக் கிளம்ப முடியவில்லை என்பது. அமெரிக்கா கண் விழிக்கிற நேரம் பார்த்து ரெங்கசாமி கூட்டம் வைப்பார். ஏழாகும், எட்டாகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் கலைமதியின் அப்பா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். இது ஹாஜாவுக்குத் தெரியவந்தது. “எங்ககிட்ட வாங்க தங்கச்சி, ஆறு மணிக்கு மேல ஒங்கள ஒரு ஆள் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டான்” என்று அவர் சொல்லியனுப்பினார். கலைமதி ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் சான்றிதழ்களைக் கேட்டார். பீரோச் சாவி தொலைந்துவிட்டதாக ரெங்கசாமி சொன்னார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இரு முதலாளிகளும் தொழில் தர்மம் பற்றிப் பேசினார்கள். அடுத்தவன் ஆளைத் தூக்குவது களவு என்றார் ரெங்கசாமி. இரண்டு வருஷத்துக்கு முன்பு தன்னிடமிருந்த அப்துல்லாவை ஒரு புது போனைக் காட்டி அழைத்துப் போனது யார் என்று கேட்டார் ஹாஜா.

“அது அவன் தெறமைக்கு நான் கதவத் தெறந்து விட்டது மச்சான். இது நீ சுவரேறிக் குதிக்கிறது” என்றார் ரெங்கசாமி.

டீக்காசை வழக்கம்போல ஹாஜாவே கொடுத்தார். அடுத்து வந்த திங்கட்கிழமை ரெங்கசாமி கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்துவிட்டார்.

அந்த மனு பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். களவு போன பொருள் தானே நடந்து போகிறது என்பதால் இது களவில் சேராது என்று ஒரு அலுவலகம் திருப்பியது. தொழிலாளி தரப்பில் புகார் இல்லை என்பதால் இது தொழிலாளர் பிரச்சினை இல்லை என்று இன்னொன்று திருப்பியது. பொறியாளர் அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று தெளிவுபடுத்துமாறு மூன்றாவது அலுவலகம் ரெங்கசாமியையே கேட்டது. ஏழு மணிக்கு மேலும் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று அவர் பெருமையோடு பதில் எழுதினார். இப்படி எங்கும் ஒட்டாத மனு வந்தால் அதற்கென்று ஒரு புதுப் பிரிவைத் தொடங்குவது மரபு. ‘திறன்மிகு பணியாளர் கவர்தல் நன்னெறிப் பிரிவு’ என்று சின்னக்கானூரில் ஒரு பிரிவு தொடங்கி, பத்து நாளில் விதிமுறைகள் வகுக்குமாறு தனி வட்டாட்சியர் உதயசூரியனுக்கு உத்தரவு போனது.

உதயசூரியன் நேர்மையானவர், கடமையில் கண்ணானவர். பதினொரு வருஷமாக அவர் பார்த்த ஒரே வேலை ஜல்லிக்கட்டு அனுமதி. நம் மாவட்டத்தில் வாடிவாசல் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் அவருக்கு வேறு வேலை பார்க்க அவகாசமே கிடைத்ததில்லை. மென்பொருள் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் உடனே உணர்ந்தார். அரசாங்கத்தில் இதை உணர்பவர்கள் குறைவு. உணர்ந்த கையோடு உதவியாளர் அன்புமொழியைக் கூப்பிட்டு, கணினியில் இருக்கும் ஜல்லிக்கட்டு விதிமுறைகளைத் திறக்கச் சொன்னார். ‘காளை’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘பொறியாளர்’ என்று மாற்றச் சொன்னார். ‘மாடுபிடி வீரர்’ என்பதை ‘நிறுவனப் பிரதிநிதி’ ஆக்கச் சொன்னார்.

அன்புமொழி கொஞ்சம் தயங்கினார். ரெண்டும் ஒண்ணுதான் என்று உதயசூரியன் விளக்கினார். இரண்டையும் ஊட்டி வளர்க்கிறோம், இரண்டின் மீதும் ஊரார் கண் இருக்கிறது, இரண்டையும் ஆளாளுக்கு இழுத்தால் விபத்து நடக்கிறது; ஆகவே ஒழுங்கு தேவை என்றார். யோசித்துப் பார்த்தால் இதில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம்.

நாற்பத்திரண்டு விதிகள் ஒரு மதியத்தில் தயாராகிவிட்டன. ஒரு பொறியாளரை ஒரு நேரத்தில் ஒரு பிரதிநிதி மட்டுமே பிடிக்க வேண்டும். பொறியாளரின் கண்ணில் பொடி தூவக் கூடாது, மது புகட்டக் கூடாது. பிரதிநிதிகள் சீருடை அணிய வேண்டும். திடலில் தென்னைநார்க் கழிவு பரப்பியிருக்க வேண்டும். பொறியாளருக்குக் கால்நடை உதவி மருத்துவர் உடற்தகுதிச் சான்று தர வேண்டும். எல்லாம் சரியாக வந்தது, ஒன்பதாவது விதியைத் தவிர.

“சார், திமிலுக்கு என்ன போடுறது?” என்று கேட்டார் அன்புமொழி.

உதயசூரியன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெள்ளாறு டெக் ஊழியர்கள் கழுத்தில் பட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “அடையாள அட்டை” என்றார். ‘பொறியாளரின் அடையாள அட்டையைப் பிடித்தபடி மூன்று துள்ளல்களைத் தாங்குபவரே வென்றவர்’ என்று விதி அமைந்தது. துள்ளல் என்பது, பொறியாளர் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்வதைக் குறிக்கும் என்று அடிக்குறிப்பும் சேர்ந்தது.

இணையவழிப் பதிவு கட்டாயம் என்று ஆறாவது விதி சொன்னது. இணையதளம் செய்ய அலுவலகத்தில் ஆள் இல்லை. ரெங்கசாமி பெருந்தன்மையோடு முன்வந்து அந்த வேலையைக் கலைமதியிடம் கொடுத்தார். ‘சோதனைக்கு ஆகும், ஒன்னோட படிவத்தையும் நீயே போட்டுரும்மா’ என்றும் சொன்னார். கலைமதி இணையதளம் செய்ய வேண்டியிருந்ததால் நாற்பத்திரண்டு விதிகளையும் படித்தார். மாவட்டத்தில் அவற்றை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். வகுத்தவர்கூடப் படிக்கவில்லை, மாற்றியதோடு சரி.

பதிவு முடிந்து கலைமதிக்குத் திடலில் இறங்க டோக்கன் வந்ததும் ரெங்கசாமியின் போக்கே மாறிப்போனது. எந்தப் பொறியாளர் தம்மை விட்டுப் போய்விடக் கூடாது என்று மனுக் கொடுத்தாரோ, அந்தப் பொறியாளரைத் திடலில் இறக்கப் போகிறோம் என்பதில் அவருக்குக் கர்வம் வந்துவிட்டது. தினமும் காலையில் கலைமதிக்குப் பாதாம் பருப்பும் பேரீச்சம்பழமும் வந்தன. ‘நம்ம பொறியாளரத் திருச்சிக்காரன்கூடத் தொட முடியாது’ என்று உரக்கடை வாசலில் பந்தயம் கட்டினார். பொறியாளரின் ஆவணங்கள் அனைத்தும் டோக்கன் பெறும்போதே நன்னெறிப் பிரிவில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று பதினேழாவது விதி சொன்னதால் பீரோச் சாவியும் கிடைத்துவிட்டது. சான்றிதழ்கள் உதயசூரியனின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன.

கால்நடை மருத்துவர் வந்தார். நல்ல மனுஷர், மிகவும் சங்கடப்பட்டார். கலைமதியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, ‘சுறுசுறுப்பாக உள்ளது, மிரட்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிச்சுக்கங்கம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டும் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைத் திடலில் நிகழ்ச்சி நடந்தது. இரட்டைத் தடுப்பும் கேலரியும் ஆம்புலன்சும் தயாராக இருந்தன. திருச்சி வரையிலிருந்து வந்த ஏழு நிறுவனங்களின் பிரதிநிதிகள் எண் போட்ட பனியனோடு நின்றார்கள். வாடிவாசலில் இருந்து கலைமதி தோளில் மடிக்கணினிப் பையோடு, வழக்கமாக ஆபீசுக்கு வருவதுபோல நடந்து வந்தார்.

முதலில் பாய்ந்தவர் திருச்சிக்காரர். அட்டையைப் பிடித்துவிட்டார். கலைமதி யோசிச்சுச் சொல்றேன் என்றார். மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று திருச்சிக்காரர் போனை எடுத்ததில் பிடி நழுவியது. அடுத்தவர் பிடித்த வேகத்தில் ‘நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்’ என்று தொடங்கினார். கலைமதி நடந்த நடையில் அவர் தென்னைநாரில் விழுந்தார். மூன்றாவதாக நூர் கிளவுடின் பவுசியா வந்தார். ஒன்றும் பேசவில்லை. அட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கலைமதியோடு சேர்ந்தே நடந்தார். ஒரு துள்ளல், இரண்டு துள்ளல், மூன்று துள்ளல். பிடிபட்டது என்று ஒலிபெருக்கி அலறியது. கேலரியில் துண்டுகள் பறந்தன. நானும் அங்கே இருந்தேன்; சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமான ஒரு நிர்வாக நடவடிக்கையை நான் பார்த்ததில்லை.

ஹாஜா மேடைக்கு ஓடினார். உதயசூரியன் அவருக்கு மாலை போட்டு ஒரு இரும்புக் கட்டிலைக் காட்டினார்.

“கட்டில் கெடக்கட்டும் சார். பொறியாளர் எங்க?” என்றார் ஹாஜா.

“பிடிச்சவங்களுக்குப் பரிசு. அதான் குடுத்தாச்சே. மாட்டப் பிடிச்சவன் மாட்டையா ஓட்டிட்டுப் போவான்? அது உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். விதி முப்பத்தொண்ணு.”

ஹாஜா கட்டிலைப் பார்த்தார். ரெங்கசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘கட்டில்ல நல்லாத் தூங்கு மச்சான்’ என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு, பொறியாளரை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் சேகரிப்பு இடத்துக்குப் போனார். அங்கே கலைமதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் வந்திருப்பதாகவும் ஆவணங்களைக் கொடுக்கலாம் என்றும் ரெங்கசாமி சொன்னார். அன்புமொழி கணினியைப் பார்த்துவிட்டு வட்டாட்சியரைக் கூப்பிட்டார்.

“சார், உரிமையாளர் பேரு வேற இருக்கு. கலைமதின்னு இருக்கு.”

“அது பொறியாளர் பேரும்மா.”

“ரெண்டு கட்டத்துலயும் அதேதான் சார் இருக்கு.”

உதயசூரியன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை ஆராய்ந்தார். பொறியாளர்: கலைமதி. உரிமையாளர்: கலைமதி. ஆதார் எண் சரியாக இருந்தது. பொறியாளரும் உரிமையாளரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதுவும் இருந்தது. கலைமதி நிலைக்கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம்.

“ரெண்டு பேரும் இருக்கோம் சார்” என்றார் கலைமதி.

“இது அநியாயங்க. இந்தப் புள்ள எங்கிட்டல்ல வேல பாக்குது” என்றார் ரெங்கசாமி.

உதயசூரியன் நீண்ட நேரம் விதிகளைப் புரட்டினார். பொறியாளருக்கு உரிமையாளர் தேவை என்று இருந்தது. அது வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. காளைகளைப் பொறுத்தவரை அதுவரை அந்தச் சந்தேகம் எழுந்ததில்லை. ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் கொடுத்து, அதுவும் முடிந்திருந்தது. “படம் விதிப்படி இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் சான்றிதழ்களைக் கலைமதி கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

கலைமதி ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துப் பார்த்துப் பையில் வைத்தார். அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ரெங்கசாமியிடம் வேலைகளை இரண்டு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். பிறகு ஹாஜாவைப் பார்த்து, “அதுக்கப்பறம் ஒங்ககிட்ட வாரேண்ணே. ஆறு மணின்னா ஆறு மணி. எழுதிக் குடுங்க” என்றார். ஹாஜா அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் மச்சான்கள் இருவரும் அந்தக் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

இந்தத் தீர்ப்பு மாவட்டம் முழுக்கப் பேசப்பட்டது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் யாரும் இதன்படி தம் உரிமையாளர் யார் என்று தாமே எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நன்னெறிப் பிரிவு அறிவித்தது. பொறியாளர்கள் மட்டுமில்லை, வாத்தியார்களும் கணக்கர்களும் நர்சுகளும் வரிசையில் நின்றார்கள். மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு படிவங்கள் வந்தன. அன்புமொழி அவற்றை எண்ணி எனக்குச் சொன்னார். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் அறுநூற்று எட்டுப் பேர் தங்கள் கம்பெனியின் பெயரை எழுதியிருந்தார்கள். மூன்று பேர் வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பெயரை எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் மாமனார் பெயரை எழுதியிருந்தார்கள். மீதி ஒன்று உதயசூரியனுடையது. அதில் ‘மேலிடத்து உத்தரவுக்கு உட்பட்டு நிரப்பப்படும்’ என்று இருந்தது.

இந்த ஜனங்களை நினைத்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கும் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு வந்தேன். பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் மளமளவென்று எழுதினேன். உரிமையாளர் கட்டம் வந்தது. நாமாக ஏதாவது எழுதி அப்புறம் பிரச்சினை ஆகிவிடக் கூடாதே என்று, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எங்கள் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, பெரிய மேலாளர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.